சபாபதி மகன் குழந்தைவேலு

ரங்கூன் மிங்கலா தாங்ஞுன்ட் ரெயில்வே லயனில், கூலிக்காரர்களுடைய வரிசை வீடுகளில், ரெங்கசாமி வீடு எது என்று கேட்டால், குழாயடியில் நிற்கிற எந்தப் பெண்ணும் கை நீட்டிக் காட்டுவாள். சபாபதி வீடு எது என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவாள். இரண்டும் ஒரே வீடு, இரண்டும் ஒரே ஆள். அந்த ஆளுக்கு ஒரே மகன் குழந்தைவேலு. 1927-ஆம் வருஷம் கல்லூரிக்கு மனுப் போட்டானே, அந்தக் குழந்தைவேலுவைப் பற்றித்தான் சொல்ல வந்தது. ஆனால் அப்பன் கதையைச் சொல்லாமல் மகன் கதை நகராது.

பட்டுக்கோட்டைப் பக்கத்துக் குடும்பம். நாலு பிள்ளைகள். மூத்தவர் ரெங்கசாமி, நடுவில் மன்னார்குடிப் பக்கம் கட்டிக்கொடுத்த இரண்டு பெண்கள், கடைக்குட்டி சபாபதி. ரெங்கசாமி முதலில் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி ரங்கூன் வந்து, தண்டவாளம் பழுது பார்க்கிற கேங்கில் சேர்ந்தார். ஐந்தாறு வருஷம் கழித்து ஊருக்குப் போனவர் திரும்பும்போது தம்பியையும் கூட்டிவந்தார். தம்பிக்கு வேலை தேடிக்கொண்டிருந்த அடுத்த மழைக்காலத்தில், 1905-இல், மூத்தவருக்கு வாந்திபேதி கண்டது. மூன்றாம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது.

பிணத்தை எடுப்பதற்கு முன்னால் கேங் மேஸ்திரி வந்து வாசலில் நின்றார். ரெங்கசாமியின் இடுப்பு வாரில் இருந்த, நம்பர் போட்ட பித்தளை வில்லையைக் கழற்றிச் சபாபதியின் கையில் வைத்தார்.

"ஆளுதான் போயிட்டான், வேல போவல. நாளைக்குக் காலம்பர இதக் கட்டிக்கிட்டு எவன் வந்து நிக்கிறானோ, அவனப் பாத்து நான் ரெங்கசாமின்னு கூப்புடுவேன். வெள்ளக்காரனுக்கு வில்லைதான் தெரியும், மூஞ்சி தெரியாது."

அந்த லயனில் அது புதிசில்லை. வந்த ஆள் செத்தாலும் ஓடினாலும் பட்டியல் நிறைந்திருக்க வேண்டும் மேஸ்திரிக்கு. சுடுகாட்டில் பதிவுப் புத்தகத்தை வைத்துக்கொண்டிருந்தவன், செத்தவர் பேர் என்ன என்று கேட்டான். ரெங்கசாமி என்று சொன்னால் வேலை போச்சு. பத்தொன்பது வயசுப் பிள்ளை, ஊரில் கடனும் கண்ணீருமாகத் தாய், ஒரு நிமிஷம்தான் யோசித்தார். தன் வாயாலேயே "சபாபதி" என்று சொன்னார். மறுநாள் காலையில் வில்லையைக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்று, ரெங்கசாமி என்று கூப்பிட்டதும் கையைத் தூக்கினார். அன்றிலிருந்து இருபத்திரண்டு வருஷம் தூக்கிக்கொண்டிருந்தார்.

பிறகுதான் கல்யாணம். லான்மடாவ் சந்தையில் கைவண்டி இழுத்த தங்கவேலுவின் மூத்த மகள் பவுனம்மாளைக் கட்டிக்கொண்டார். பவுனம்மாளின் தங்கை தங்கமணியை ரங்கூனுக்கு வடக்கே மாவ்பியில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவருக்குக் கொடுத்தார்கள். 1909-இல் குழந்தைவேலு பிறந்தான். பிரசவம் பார்த்த காளியம்மா சபாபதியின் ஊர்க்காரி. வட்டத்து ஆபீசில் பிறப்பை எழுதிவைக்க அவள்தான் போனாள். போகும்போது, தகப்பன் பேர் என்ன சொல்லட்டும் என்று பவுனம்மாளைக் கேட்டாள். புருஷன் பேரைப் பெண்டாட்டி வாயால் சொல்கிற வழக்கம் உண்டா? "ஒனக்குத் தெரியாததா அக்கா" என்று பவுனம்மாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். காளியம்மாவுக்குத் தெரிந்தது, சின்ன வயசிலிருந்து பார்த்த சபாபதி. அதையே எழுதிவைத்துவிட்டு வந்தாள்.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது தகப்பனாரே போனார். ரெயில்வே கடிதத்தைக் காட்டினார். அங்கே தகப்பன் பேர் ரெங்கசாமி என்று ஏறியது. இப்படி ஒரு பையனுக்கு இரண்டு புத்தகத்தில் இரண்டு தகப்பன். இரண்டு புத்தகமும் அவனுக்குப் பதினெட்டு வயசாகிறவரை ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவே இல்லை. குழந்தைவேலுவுக்கும் எதுவும் தெரியாது. வீட்டில் அப்பா, வெளியில் ரெங்கசாமி, அவ்வளவுதான்.

இனிமேல் அவனைப் பற்றி.

பதினோரு வயசில் ஒரு ஆடி மாதம் மாவ்பியில் சித்தி தங்கமணி வீட்டில் இருந்தான். இரண்டு நாள் விடாத மழை. மூன்றாம் நாள் காலையில் தண்டவாளத்துக்கு அடியில் இருந்த மதகு அடித்துக்கொண்டு போய்விட்டது. ரங்கூனிலிருந்து கேங்கை ஏற்றிவந்தார்கள். அப்பா மார்பளவு தண்ணீரில் நின்று மூங்கில் முளை அடிப்பதைக் கரையில் நின்று பார்த்தான். சாயங்காலம் அவர் கரையேறி வந்ததும் கேட்டான்:

"எவ்வளவு மழ பேஞ்சா மதகு போவும்பா?"

"நெறைய பேஞ்சா போவும்."

"நெறையன்னா எவ்வளவு?"

அப்பாவுக்குத் தெரியவில்லை. மேஸ்திரியைக் கேட்டான். அவர், "ஒங்கப்பன் சம்பளம் வாங்குற அளவுக்குப் பேஞ்சா போவும், போடா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பையன் சிரிக்கவில்லை.

லயனுக்குத் திரும்பியதும் ஒரு பால் டப்பாவை மூங்கில் கழியில் கட்டி, வீட்டுக்குப் பின்னால் வெட்டவெளியில் நட்டான். குச்சியில் அங்குலம் கீறிக்கொண்டான். தினம் காலை ஆறு மணிக்கு அளந்து ஒரு நோட்டில் எழுதினான். ஏழு வருஷம். குழாயடியில் பெண்கள் கேலி பண்ணுவார்கள், "ஏந் தம்பி, இன்னிக்கு மழ எத்தன படி? ஒலைக்குப் பத்துமா?" என்று. அவன் நின்று, "ஒண்ணே முக்கா அங்குலம்" என்று பதில் சொல்லிவிட்டுப் போவான். கேலியென்று தெரியாத பிள்ளையில்லை. கேட்டால் சொல்ல வேண்டும் என்று நினைக்கிற பிள்ளை.

அப்பா தண்ணீர் பார்த்து வந்தால் அதையும் எழுதுவான். எந்த மைல் கல்லில் நின்றது, முழங்காலா இடுப்பா, எத்தனை மணிக்கு. ஒரு வருஷம் குளிர்காய்ச்சலில் பதினோரு நாள் படுத்துவிட்டான். பவுனம்மாள் தினம் டப்பாவைப் பார்த்துவந்து சொன்னாள். எழுந்ததும் அந்தப் பதினோரு நாளையும் வெறுமையாக விட்டுவிட்டான்.

"நான் அளந்து சொன்னேனே, அது என்னாச்சு? நான் பொய்யா சொல்லுறேன்?"

"நீ பொய் சொல்லலம்மா. நான் பாக்கல."

இரண்டு நாள் அவள் அவனோடு சரியாகப் பேசவில்லை.

பத்தாம் வகுப்பு நல்லபடியாகத் தேறினான். இஞ்சினீர் படிப்புக்குக் கல்லூரியில் ஆள் எடுக்கிறார்கள் என்று வாத்தியார் சொன்னார். மனுவோடு, பிறப்புப் பதிவின் நகல், பள்ளிச் சான்று, அதற்குமேல் ஒரு பக்கம் தன் கைப்பட எழுதித் தரவேண்டும். நீ எப்படிப்பட்டவன், உனக்கு எதில் ஆசை, என்னவாக வர நினைக்கிறாய். குழந்தைவேலு நாலு நாள் யோசித்து இங்கிலீஷில் எழுதினான். என்னிடம் இன்ன இன்ன நல்ல குணம் இருக்கிறது என்று எழுதக் கூச்சமாக இருந்தது. அதனால் நோட்டைப் பற்றியே எழுதினான். பதினோரு வெறும் நாட்களையும் எழுதினான். போன ஆவணியில் மாவ்பிக்கு இந்தப் பக்கம் தண்ணீர் இடுப்பளவு நின்றதை என் தகப்பனார் பார்த்துச் சொன்னார் என்று எழுதினான். எவ்வளவு மழைக்கு எவ்வளவு அகல மதகு வேண்டும் என்று தெரிந்து கட்டுகிறவனாக வரவேண்டும் என்று முடித்தான்.

கொண்டுபோய்க் கொடுத்தான். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா தமிழர்தான். எழுதிய பக்கத்தைக் கோப்பில் குத்திவைத்தார். பிறப்புப் பதிவின் நகலையும் பள்ளிச் சான்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மனுவை மட்டும் வெளியே தள்ளினார். அந்த இரண்டு காகிதமும் முதல்தடவையாக ஒன்றையொன்று பார்த்துக்கொண்டது அப்போதுதான்.

"ஒங்கப்பா பேரு என்னா?"

"ரெங்கசாமி."

"இதுல சபாபதின்னு இருக்கே. ஒருத்தனுக்கு ஒரு அப்பந்தான் தம்பி இருக்க முடியும். திங்கக்கெழமக்குள்ள எந்த அப்பன்னு முடிவு பண்ணிக்கிட்டு வா. அதுக்கு மேல எடம் இருக்காது."

பின்னால் நின்ற பையன்கள் சிரித்தார்கள். குழந்தைவேலு டிராமில் ஏறவில்லை. நடந்தே வீட்டுக்கு வந்தான். அப்பா வாசலில் உட்கார்ந்து மண்வெட்டிக்குப் பிடி சீவிக்கொண்டிருந்தார்.

"சபாபதி யாருப்பா?"

உளி நின்றது. உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பவுனம்மாளின் கையும் நின்றது. சபாபதி எழுந்து உள்ளே வந்து கதவைச் சாத்தினார். பட்டப்பகலில் அந்த வீட்டுக் கதவைச் சாத்தியது அன்றுதான். எல்லாவற்றையும் சொன்னார். அண்ணன் செத்தது, வில்லை, சுடுகாட்டில் கேட்டது, தான் சொன்னது. சொல்லி முடித்ததும், ஏதோ தப்புச் செய்து பிடிபட்ட பிள்ளை மாதிரி மகன் முகத்தைப் பார்த்தார்.

மறுநாள் இரண்டு பேரும் லான்மடாவில் சுலைமான் கடைக்குப் போனார்கள். நாகூர்க்காரர். காகிதம், மை, பேனா விற்பார். மனு எழுதியும் கொடுப்பார். ரங்கூனில் பாதித் தமிழனுடைய ரகசியம் அவர் வயிற்றில் இருந்தது என்பார்கள். முழுவதும் கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ரெண்டு பேரும் ஒரே ஆளுதான்னு கோர்ட்டுல சத்தியக் கடுதாசி குடுக்கலாம். குடுத்தா கோர்ட்டுக்காரன் ரெயில்வேக்கு எழுதிக் கேப்பான். ஒங்களுக்கு வேலையும் போவும், வூடும் போவும். ஆள்மாறாட்டம்னு உள்ள தள்ளினாலும் தள்ளுவான்."

"வேற வழி?" என்றார் சபாபதி.

"இருக்கு. பொறப்புச் சீட்டுல இருக்குற சபாபதி மவுத்தாயிட்டாரு. பள்ளிக்கூடத்துச் சீட்டுல இருக்குற ரெங்கசாமி பெரியப்பா, அவருதான் எடுத்து வளக்குறாரு. தகப்பன் இல்லாத புள்ளன்னு எழுதிட்டா ரெண்டு காயிதமும் அழகா ஒத்துப்போவும். கேள்வியே வராது."

குழந்தைவேலு சொன்னான்: "அப்பா இங்கதானே நிக்கிறாரு."

"நிக்கட்டும் தம்பி. நான் எழுதுற காயிதத்துல எத்தன பேரு நிக்கிறவங்க, எத்தன பேரு படுத்தவங்கன்னு எனக்கே தெரியாது."

புது மனுவை எழுதி வாங்கிக்கொண்டு வந்தார்கள். குழந்தைவேலுவின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. பவுனம்மாள் சமாசாரத்தைக் கேட்டாள். கேட்டுவிட்டு மகனைப் பார்த்துத்தான் பேசினாள், புருஷனைப் பார்க்கவில்லை.

"அப்ப நான் யாரு?"

"நீ அம்மாதான்."

"அது தெரியும். அவுக செத்துட்டாகன்னு நீ எழுதினா நான் யாரு? வாயத் தொறந்து சொல்லு."

குழந்தைவேலு தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். அவள் நெற்றியில் குங்குமம் இருந்தது. கழுத்தில் மஞ்சள் கயிறு ஈரமாக இருந்தது.

"காயிதத்துலதான பவுனு," என்றார் சபாபதி. "காயிதத்துல நான் செத்து இருவத்திரண்டு வருசம் ஆவுது. செத்த பொறவுதான் ஒன்னக் கட்டுனேன். நீ நல்லாத்தான இருக்க?"

"செத்தவரக் கட்டிக்கிட்டு குடும்பம் நடத்துனவ ஒலகத்துல நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்," என்றாள். சிரிப்பு வருகிற பேச்சுத்தான். யாருக்கும் வரவில்லை. "அப்ப எழுதுனது யாரோ ஒரு சுடுகாட்டான். இப்ப எழுதப்போறது வயித்துல பொறந்த புள்ள. ரெண்டும் ஒண்ணா?"

"நான் படிக்கலம்மா. விட்டுடுவோம்," என்றான் குழந்தைவேலு.

சபாபதி மெதுவாகப் பேசுகிற மனிதர். அன்றைக்கும் குரலை உயர்த்தவில்லை.

"படிக்காம என்ன பண்ணுவ? எம் பக்கத்துல மம்பட்டியோட நிப்பியா? அந்த மதக நான் வந்த நாளாக் கட்டுறோம். அடிச்சிக்கிட்டுப் போவுது, மறுபடி கட்டுறோம். போன தடவ நம்ம கேங்குல ஜாபர் புள்ள அதுல போயிட்டான், ஒடம்பு மூணு நாளு கெடைக்கல. எவ்வளவு அகலம் வைக்கணும்னு கட்டுற ஒருத்தனுக்கும் தெரியாது. கேட்டவன் நீ ஒருத்தன். போயி எழுது."

பவுனம்மாள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். திங்கட்கிழமை காலையில் குழந்தைவேலு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தான். குமாஸ்தா படித்துப் பார்த்து, "அப்பன் இல்லாத புள்ளயா, அட பாவமே, மொதல்லயே சொல்லுறதுக்கென்ன" என்று, சிரித்ததற்குப் பரிகாரம் போல உட்கார நாற்காலி கொடுத்தார்.

ஒரு வாரத்தில் நேரில் வரச்சொல்லிக் கடிதம் வந்தது. வளர்க்கிறவரையும் கூட்டிவர வேண்டும். சபாபதி கோட்டும் தலைப்பாகையும் இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு, கல்லூரித் தாழ்வாரத்தில் மற்றத் தகப்பன்மாரோடு உட்கார்ந்தார்.

உள்ளே இரண்டு பேர். ஒருவர் வெள்ளைக்காரப் பேராசிரியர். மற்றவர் ஊ போ தா என்கிற பர்மியப் பேராசிரியர், வயசானவர், வெள்ளைத் தலைக்கட்டு. பர்மியர்கள் அவரைச் சயாஜி, பெரிய வாத்தியார், என்பார்கள். வெள்ளைக்காரர் கையில் குழந்தைவேலு எழுதிய பக்கம் இருந்தது. நோட்டைக் கேட்டார். கொடுத்தான். இரண்டு பேரும் பக்கம் பக்கமாகத் திருப்பினார்கள். காய்ச்சல் வந்த பதினோரு நாளில் வெள்ளைக்காரர் விரலை வைத்தார்.

"உன் தாயார் அளந்து சொன்னதாக எழுதியிருக்கிறாய். ஏன் நிரப்பவில்லை?"

"நான் பார்க்கவில்லை, ஐயா."

அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சொன்னார்: "இன்று காலையிலிருந்து பதினாறு பேர் தங்களை நேர்மையானவர்கள் என்று எழுதியிருப்பதைப் படித்தேன். இவன் அந்த வார்த்தையை எழுதவே இல்லை."

குழந்தைவேலுவுக்குத் தரை பிளந்தால் தேவலை என்றிருந்தது. அப்போது ஊ போ தா பக்கத்தைத் தன் பக்கம் இழுத்து, கண்ணுக்கு அருகில் வைத்துப் படித்தார்.

"போன ஆவணியில் தண்ணீர் இடுப்பளவு நின்றதாக உன் தகப்பனார் சொன்னார் என்று இருக்கிறது. மனுவில், நீ கைக்குழந்தையாக இருக்கும்போதே தகப்பனார் இறந்துவிட்டார் என்று இருக்கிறதே."

அந்தப் பக்கம் கோப்பில் குத்தப்பட்டதை அவன் மறந்தே போயிருந்தான். சுலைமானுக்கு அது தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது. பேராசிரியர்கள் இரண்டு பேரும் அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உண்மையைச் சொன்னால் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருக்கிறவர் நாளைக்குத் தெருவில். சொல்லாவிட்டால், அந்த நோட்டு மேஜைமேல் திறந்து கிடக்கிறது.

"எங்களில் பெரியப்பாவையும் அப்பா என்றுதான் சொல்வோம், ஐயா," என்றான். "அவர்தான் ரெயில்வேயில் இருக்கிறார். அவர் பார்த்ததைத்தான் எழுதினேன்."

அதில் குற்றம் காண ஒன்றுமில்லை. நம்மில் பல வீட்டில் அப்படித்தானே கூப்பிடுகிறோம். வெள்ளைக்காரர் தலையை ஆட்டினார். ஊ போ தாவும் தலையை ஆட்டினார். வெளியே இருக்கிறவரை வரச்சொல் என்றார்.

சபாபதி வந்தார். நாற்காலி காட்டியும் உட்காரவில்லை. ஊ போ தா பர்மிய பாஷையில் பேசினார். இருபத்திரண்டு வருஷ ரெயில்வேயில் சபாபதிக்கு அது நன்றாகவே வரும். ஒன்றிரண்டு கேள்வி கேட்டுவிட்டு, வயசானவர்கள் கேட்கிற வழக்கத்தில் கேட்டார்:

"பையன் நல்ல பையன். இவன் தகப்பன், உங்கள் தம்பி, அவர் எப்படிப்பட்டவர்?"

குழந்தைவேலு ஜன்னலைப் பார்த்தான். தன்னைப் பற்றித் தானே, செத்தவனைச் சொல்வதுபோல, என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருந்தான். சபாபதி கையைக் கட்டிக்கொண்டார்.

"கப்பல்ல எனக்குக் குளிர் கண்டுச்சு சயாஜி," என்றார். "தன் போர்வையக் குடுத்துட்டு நாலு நாளும் வெறும் பலகையில படுத்தாரு. சோறு பத்தலன்னா தனக்குப் பசிக்கலம்பாரு. பாட்டு ஒண்ணும் தெரியாது, ஆனா பாடிக்கிட்டே இருப்பாரு. வாந்திபேதியில போனாரு. தண்ணி தண்ணின்னாரு. குடுக்கப்படாதுன்னாங்க, நான் குடுக்கல. கேட்டுக்கிட்டேதான் செத்தாரு. மறுநா காலம்பர நான் வேலைக்குப் போயிட்டேன். மொட்ட அடிச்சிக்கல. அழுவல. அழுதா ஏன்னு கேப்பாங்க."

அதற்குமேல் அவரால் முடியவில்லை. தலைப்பாகையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அப்பா அழுது குழந்தைவேலு பார்த்ததில்லை. அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. கேட்டவர்களுக்குத்தான் ஆள் மாறியிருந்தது. வெள்ளைக்காரர் பேனாவை எடுத்து ஏதோ எழுதினார். ஊ போ தா எழுந்து வந்து சபாபதியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

இடம் கிடைத்துவிட்டது.

திரும்பும்போது தூறிக்கொண்டிருந்தது. சபாபதி கோட்டு நனையாமல் கழற்றிச் சுருட்டி வைத்துக்கொண்டார்.

"இன்னமே வெளிய பெரியப்பான்னே கூப்புடு," என்றார். "காலேஜுப் பசங்க பாப்பாங்க. பழகிக்க."

"எப்படிப்பா?"

"நான் பழகல? ரெங்கசாமின்னா திரும்பிப் பாக்க மொத ஒரு மாசம் கஷ்டமா இருந்துச்சு. பொறவு சபாபதின்னு யாராச்சும் கூப்புட்டாத்தான் திரும்ப மறந்துபோச்சு."

பழகித்தான் ஆகவேண்டியிருந்தது. ஆனி மாதம் வகுப்புத் தொடங்கி இரண்டாவது வாரம், கூடப் படிக்கிறவர்களோடு ரெயிலடியில் நின்றபோது, கேங் ஆட்கள் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு வரிசையாக வந்தார்கள். சபாபதி இவனைக் கண்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டே நடந்தார். குழந்தைவேலுதான் கூப்பிட்டான். "எங்க பெரியப்பா" என்று மற்றவர்களுக்குச் சொன்னான். "வாங்க தம்பிகளா, நல்லாப் படிக்கிறீங்களா?" என்று அவர் கொஞ்சமும் தடுமாறாமல் சிரித்தார். அவர் தடுமாறியிருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது. பிறகு அடிக்கடி கூப்பிட வேண்டி வந்தது. தெருவில், டிராமில், கல்லூரி வாசலில். நாலைந்து தடவைக்குமேல் நாக்கு தன்னாலேயே புரண்டது.

குழந்தைவேலு படித்துத் தேறியதும், மாவ்பிக்கு வடக்கே ஏழு மதகு அவன் போட்ட அகலத்தில் எழும்பியதும், அதற்கப்புறம் அந்த இடத்தில் ஒரு ஆளும் தண்ணீரில் போகாததும் லயனில் எல்லோரும் சொல்வார்கள். முதல் வருஷத்து ஆவணியில் அந்த வீட்டுக்குள் நடந்ததை யாரும் சொல்வதில்லை. தங்கமணி அப்போது அக்காள் வீட்டில் இருந்தாள். அவள் மூலம்தான் நமக்குத் தெரியும்.

மாவ்பிப் பக்கம் பெருமழை. சபாபதி நாலு நாள் தண்டவாளத்தோடே கிடந்துவிட்டு, ஒரு மத்தியானம் சொட்டச் சொட்ட வீடு வந்தார். லுங்கியை மாற்றிக்கொண்டு வட்டிலுக்கு முன்னால் உட்கார்ந்தார். பவுனம்மாள் சோறு போட்டுக் கருவாட்டுக் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தாள். குழந்தைவேலு நோட்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்து எதிரில் உட்கார்ந்தான். அவனுக்குக் கேட்க எத்தனையோ இருந்தது. அவசரத்தில், நினைத்துச் சொன்னதில்லை, வாயிலிருந்து விழுந்துவிட்டது:

"பெரியப்பா, தண்ணி எதுவரைக்கும் நின்னுச்சு?"

சபாபதி, கடப்பாரையும் கையுமாக ரெயிலடியில் பதில் சொன்னது போலவே, தலையைத் தூக்காமல், "சிலீப்பர் கட்டையத் தாண்டி ஒரு சாண் நின்னுச்சு தம்பி" என்றார். அவருக்கே அது காதில் விழ ஒரு நிமிஷம் ஆயிற்று.

பவுனம்மாள் குழம்புச் சட்டியைக் கீழே வைத்தாள். முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். புருஷனுடைய அண்ணன், மூத்தார், வீட்டுக்குள் வந்தால் நம் பெண்கள் எதிரில் நிற்பதில்லை, கதவுக்குப் பின்னால் போய்விடுவார்கள். அவளும் எழுந்து போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். கோபமாகக்கூட இல்லை, மரியாதையாகவே பேசினாள்.

"தம்பி, ஒங்க பெரியப்பாவுக்கு நீயே சோறு போடு. மூத்தார் சாப்புடுற எடத்துல நான் நிக்கப்படாது."

"பவுனு," என்றார் சபாபதி.

 தங்கமணி போய், "என்னாக்கா இது, புள்ள வாய் தவறிச் சொல்லிட்டான்" என்று கையைப் பிடித்தாள். அவள் அசையவில்லை. கதவின் கீழ் இடைவெளியில் அவள் கால் விரல்கள் தெரிந்தன. மெட்டி தெரிந்தது.

வெளியே மழை ஓயவில்லை. சபாபதியின் கை பிசைந்த சோற்றில் அப்படியே இருந்தது. குழந்தைவேலு நோட்டை மூடித் தரையில் வைத்தான். கரண்டியை எடுத்தான். எவ்வளவு போடுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. அப்பாவுக்கு அந்த வீட்டில் அவன் ஒருநாளும் சோறு போட்டதில்லை.